அடிமனை வாடகை: சென்னையின் மேற்குப் புறநகரில் மனைக் குடிகளின் உரிமை வரலாறு

வீடு குடியிருப்பவருடையது, அதன் கீழே உள்ள மண் இன்னொருவருடையது. சென்னையில் இந்த ஏற்பாட்டுக்கு அடிமனை வாடகை, மனை வாடகை, தரை வாடகை என்று பல பெயர்கள் உண்டு. மனைக்காரருக்கு மாதாமாதம் ஒரு சிறு தொகை போய்ச்சேரும். சுவர், கூரை, கதவு, கிணறு, முற்றத்து முருங்கை மரம் எல்லாம் குடியிருப்பவரின் காசிலும் உழைப்பிலும் உண்டானவை. வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் அவர் பெயரில் இருக்கும். பட்டாவில் மட்டும் மனைக்காரர் பெயர் இருக்கும். விற்க நேர்ந்தால் கட்டடத்தை மட்டும் கிரயம் எழுதிக் கொடுப்பார்கள். வாங்குகிறவர் அடுத்த மாதத்திலிருந்து அதே மனைக்காரருக்கு வாடகை செலுத்துவார்.

அமெரிக்காவில் நகரும் வீட்டை விலைக்கு வாங்கி, அதை நிறுத்த இன்னொருவரின் மனையை வாடகைக்கு எடுப்பவர்களும் இதே நிலையில்தான் வாழ்கிறார்கள். மனையை விட்டு எழுப்பினால் அவர்கள் வீட்டைப் பெயர்த்து எடுத்துப் போக வேண்டும். அதற்கு ஆகும் செலவு பல வேளைகளில் வீட்டின் மதிப்பையே விழுங்கிவிடும். அதனால் அங்கே பல மாநிலங்கள் மனை வாடகைக்கென்றே தனிச் சட்டங்கள் இயற்றியிருக்கின்றன. இங்கிலாந்தில் 1983ஆம் ஆண்டின் நகரும் வீடுகள் சட்டம் இதைக் கவனிக்கிறது. சக்கரமே இல்லாத செங்கல் வீட்டுக்கும் மண்சுவர்க் குடிசைக்கும் சென்னையில் அந்தச் சிக்கல் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே சட்டமன்றம் ஏறிவிட்டது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் அந்தச் சட்டம் யாருக்குக் கைகொடுத்தது, யாரைக் கைவிட்டது என்பதை அறிய, அந்த ஊர்கள் நகரமாவதற்கு முந்தைய காலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த ஊர்கள் நெடுங்காலம் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமி இது. செம்பரம்பாக்கம், கொரட்டூர், அம்பத்தூர் ஏரிகள் இன்றும் அதற்குச் சாட்சி. ஆற்காடு நவாப் 1763இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த ஜாகீர் நிலப்பரப்புதான் பின்னாளில் செங்கல்பட்டு மாவட்டமானது. இங்கே ஊர் நிலத்தின் மீது மிராசுதார்களுக்குப் பரம்பரைப் பங்கு இருந்தது. அந்த மிராசு உரிமையின் எல்லை எதுவரை என்று கம்பெனி அதிகாரிகள் பல பத்தாண்டுகள் விவாதித்தார்கள். அவர்களில் ஒருவரான பிரான்சிஸ் வைட் எல்லிஸ் அது பற்றி விரிவாக எழுதினார். விளைநிலம், தரிசு, மேய்ச்சல் என்று விவாதம் போய்க்கொண்டிருந்தபோது, உழைத்தவர்களின் குடிசை நின்ற மனை யாருடையது என்ற கேள்விக்குப் போதிய கவனம் கிடைக்கவில்லை.

அந்தக் கேள்வியை அரசு ஆவணத்தில் அழுத்தமாக எழுப்பியவர் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹியர். பறையர் மக்களின் நிலை குறித்து 1891இல் அவர் அரசுக்கு அனுப்பிய அறிக்கை, சேரியின் வீட்டு மனைகளையும் மிராசுதார்கள் தங்களுடையவை என்று கொண்டாடியதைச் சொன்னது. கூலி அதிகம் கேட்டாலோ, வேறு இடத்தில் வேலைக்குப் போனாலோ, மதம் மாறினாலோ குடிசையைக் காலி செய்யச் சொல்ல முடியும். அடித்து அடக்குவதற்குத் தேவையே இருக்கவில்லை. மனை கைவிட்டுப் போய்விடும் என்ற அச்சமே போதுமானதாக இருந்தது. அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணை, ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒப்படை செய்ய வழி வகுத்தது. பஞ்சமி நிலம் என்று இன்று பேசப்படுவதன் தொடக்கம் அதுதான். வீட்டு மனைச் சிக்கலோ அத்தனை எளிதில் தீரவில்லை. 1920இல் தொழிலாளர் துறை உருவான பிறகே, மனைகளை அரசு கையகப்படுத்தி, விலையைத் தவணையில் திரும்பப் பெற்றுக்கொண்டு குடியிருப்போருக்குக் கொடுக்கும் வேலை ஓரளவு நடந்தது. மேற்குப் புறநகரின் அடிமனை வரலாற்றை, மனைக் குடிகளைக் காக்க வந்த 1921ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து மட்டும் தொடங்குவோர் இந்தப் பகுதியைத் தவறவிடுகிறார்கள். மனையின் மீது உரிமை இல்லாத வீட்டுக்காரரின் அச்சத்தை இங்கே முதலில் அறிந்தவர்கள் சேரி மக்கள்.

சட்டத்தின் பக்கம் இன்னொரு சிக்கல் இருந்தது. இங்கிலாந்தின் பழைய சட்ட மரபில், நிலத்தோடு பொருத்தப்பட்டது எதுவாயினும் நிலத்துக்கே சொந்தம். பிறர் நிலத்தில் வீடு கட்டினால் வீடு நிலக்காரருக்குப் போய்விடும். இந்திய மரபு அப்படி இல்லை என்று 1866இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சொன்னது. நல்லெண்ணத்தோடு பிறர் நிலத்தில் கட்டியவர் கட்டடத்தைப் பெயர்த்துக்கொள்ளலாம், அல்லது நிலக்காரர் அதை வைத்துக்கொள்ள விரும்பினால் அதன் மதிப்பைப் பெறலாம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் 108ஆம் பிரிவில், குத்தகைதாரர் தாம் நிலத்தோடு பொருத்தியவற்றைப் பெயர்த்து எடுத்துக்கொள்ளலாம், நிலத்தை இருந்தபடி விட்டுச்சென்றால் போதும் என்று வகுத்தது. கேட்பதற்கு இது நியாயமாக இருக்கும். நடைமுறையில் செங்கல் சுவரை இடித்தால் மிஞ்சுவது மரச்சட்டமும் ஓடும் கொஞ்சம் உடைந்த கல்லும்தான். அதே சட்டத்தின் 106ஆம் பிரிவு, மாத வாடகைக் குத்தகையை 15 நாள் அறிவிப்பில் முடித்துக்கொள்ள இடம் தந்தது. இருபது ஆண்டு உழைப்பில் எழுந்த வீட்டுக்கும் அவகாசம் 15 நாள்தான்.

முதல் உலகப் போருக்குப் பிந்தைய சென்னையில் இது நெருக்கடியாக வெடித்தது. நகரம் பெருத்தது, மனை விலை ஏறியது. பல பத்தாண்டுகளாகக் குறைந்த மனை வாடகை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்த நிலக்காரர்கள், குடிகளை எழுப்பிவிட்டு நிலத்தை நல்ல விலைக்கு மாற்றப் பார்த்தார்கள். எழுத்தில் ஒப்பந்தம் பெரும்பாலும் இல்லை. ஒழுங்காக வாடகை கொடுக்கும்வரை யாரும் எழுப்பமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் வீடுகள் எழும்பியிருந்தன. கூட்டமாகக் குடிகளை வெளியேற்றினால் வீடுகள் இடிபடும், நகரின் மற்ற பகுதிகளில் நெரிசல் கூடும் என்று அரசு அஞ்சியது. சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இப்படிப் பிறந்தது. பெயரில் 1921, சட்ட எண்ணில் 1922ஆம் ஆண்டின் 3ஆம் சட்டம். நியாயமான வாடகை செலுத்தும்வரை வெளியேற்றப்பட மாட்டோம் என்ற நம்பிக்கையில் பிறர் நிலத்தில் கட்டியவர்களைக் காப்பதே நோக்கம் என்று அதன் முகவுரையே சொன்னது. எழுதப்படாத நம்பிக்கை ஒன்றைச் சட்டத்தின் அடித்தளமாக ஏற்றுக்கொண்டதுதான் இதன் பெருமை. ஏழைக் குடிகளிடம் அந்த நம்பிக்கையைத் தவிர வேறு ஆவணம் இருந்ததில்லை.

பாதுகாப்பு சில படிகளாக அமைந்தது. நிலக்காரர் வழக்குப் போடுமுன் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். கட்டடத்துக்கும் மரங்களுக்கும் ஈடு தருவதாக அந்த அறிவிப்பிலேயே சொல்ல வேண்டும். வழக்கில் அவர் வென்றாலும் ஈட்டுத் தொகையை நீதிமன்றம் கணக்கிடும். அதை மூன்று மாதத்துக்குள் கட்டாவிட்டால் வழக்கு தள்ளுபடியாகிவிடும், அதன்பின் ஐந்து ஆண்டு புதிய வழக்குப் போட முடியாது. வாடகை குறித்துத் தகராறு எழுந்தால் நியாய வாடகையை நிர்ணயிக்க நீதிமன்றத்தை நாடலாம். குத்தகைதாரர் இந்த உரிமைகளை விட்டுக்கொடுத்ததாக ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினாலும், 12ஆம் பிரிவின்படி பொதுவாக அது செல்லாது. வீடு தேவை என்ற அவசரத்தில் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடும் நிலையில் இருந்தவர்களுக்கு அந்தப் பிரிவு அவசியமானது.

எல்லாவற்றிலும் துணிச்சலானது 9ஆம் பிரிவு. வெளியேற்றும் வழக்கு வந்தால், குத்தகைதாரர் குறித்த காலத்துக்குள் மனு செய்து, அந்த மனையைத் தமக்கே விற்கும்படி நிலக்காரருக்கு ஆணையிடக் கேட்கலாம். விலையை நீதிமன்றம் நிர்ணயிக்கும். தொடக்கத்தில், ஆணைக்கு முந்தைய ஏழு ஆண்டுகளில் நிலவிய மிகக் குறைந்த சந்தை விலை என்று கணக்கு இருந்தது. மூன்று மாதத்துக்குக் குறையாமலும் மூன்று ஆண்டுக்கு மேற்படாமலும் தவணை பெறலாம். வெளியேற்ற வழக்குப் போட்ட நிலக்காரர் நிலத்தையே விற்க வேண்டி வரலாம் என்பதால் பலர் வழக்குக்கே தயங்கினார்கள். அந்தத் தயக்கம்தான் குடிகளுக்கு உண்மையான அரணாக நின்றது.

கட்டடம் என்ற சொல்லுக்கு அந்தச் சட்டம் தந்த விளக்கமும் கவனிக்கத் தக்கது. குடிசையோ வேறு எந்த அமைப்போ, செங்கல், மரம், மண், உலோகம் எதனால் ஆனதாயினும் அது கட்டடமே. மாடி வீட்டுக்காரருக்கும் தகரக் கொட்டகைக்காரருக்கும் ஒரே உரிமை என்று இதனால் ஆனது. அந்தக் காலச் சட்டமொன்றில் இப்படிப்பட்ட சமநோக்கு எளிதில் காணக்கூடியதன்று.

ஆனால் சட்டத்துக்குள்ளேயே ஒரு கதவு மூடியிருந்தது. அது ஏற்கெனவே உருவான குத்தகைகளுக்கே பொருந்தும். சட்டம் வந்த பிறகு மனை எடுத்தவர் அந்த நம்பிக்கையோடு கட்டியிருக்க முடியாது, சட்டமே தமக்கில்லை என்று அறிந்துதான் கட்டியிருப்பார் என்பது அதன் தருக்கம். புதிதாக ஊருக்குள் வந்த ஏழைக்கு அந்தத் தருக்கம் புரிந்திருக்க வழியில்லை. அவருக்கும் மனை வாடகைதான், அவர் கட்டியதும் வீடுதான். பின்னர் இந்தத் தேதி தள்ளித்தள்ளிப் போனது. 1955ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு புதிய எல்லையை வைத்தது. 1980ஆம் ஆண்டின் 2ஆம் சட்டம், சட்டம் நடப்பில் இருந்த இடங்களில் அதுவரை உருவான குத்தகைகளையும் உள்ளே சேர்த்துக்கொண்டது. அதன் பிறகு மனை எடுத்தவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு எட்டவில்லை.

காலக்கோடு போலவே நிலக்கோடும் இருந்தது. முதலில் சென்னை நகர எல்லைக்குள் மட்டும் சட்டம் செல்லுபடியாகியது. 1955ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மற்ற நகராட்சிகளுக்கும், நகரத்தை ஒட்டிய கிராமங்களில் குறிப்பிட்டவற்றுக்கும் அரசு அறிவிப்பின் மூலம் அதை நீட்டிக்க முடிந்தது. 1960ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம் வேறு வகையில் சுருக்கியது. சென்னையிலும் சில பெருநகரங்களிலும் கடை, பட்டறை, தொழிற்கூடம் எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு நீடித்தது. மற்ற இடங்களில் குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும் என்று ஆனது. 9ஆம் பிரிவிலும் மாற்றம் வந்தது. முழு மனையையும் கேட்க முடியாது, வீட்டை வசதியாக அனுபவிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவைத்தான் கேட்கலாம். விலைக் கணக்கும் ஏழு ஆண்டுகளின் மிகக் குறைந்த விலையிலிருந்து மூன்று ஆண்டுகளின் சராசரிச் சந்தை விலைக்கு மாறியது.

இந்த மாற்றங்களை எதிர்த்தும் ஆதரித்தும் வழக்குகள் உச்ச நீதிமன்றம்வரை போயின. தஞ்சாவூரில் மடத்து நிலம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருந்த போக்குவரத்து நிறுவனத்தின் வழக்கில், 1960ஆம் ஆண்டுத் திருத்தம் செல்லும் என்று 1962இல் தீர்ப்பானது. மனையை வாங்கும் உரிமை சட்டம் கொடுத்த சலுகை, அதைச் சட்டமே திரும்பப் பெறலாம் என்பது அதன் சாரம். கோயம்புத்தூர்த் திரையரங்கு ஒன்றின் வழக்கில் 1964இல் வேறொரு கேள்வி எழுந்தது. குத்தகை முடிந்ததும் கட்டடத்தை அகற்றிவிட்டுக் காலி மனையாக ஒப்படைப்பதாக எழுதிக்கொடுத்தவர் 9ஆம் பிரிவை நாடலாமா என்பதே அது. நாடலாம் என்றது நீதிமன்றம். 9ஆம் பிரிவு அரசியல் சட்டத்துக்கு முரணானதல்ல என்றும் அதே தீர்ப்பு உறுதி செய்தது. மனைக் குடிகளின் பக்கம் நின்ற தீர்ப்புகளில் இது முதன்மையானது.

இவையெல்லாம் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் மேற்குப் புறநகர் உருமாறியது. தென்னிந்தியாவின் முதல் இரயில் பாதை 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைவரை திறக்கப்பட்டபோதே அம்பத்தூரும் ஆவடியும் நகரத்தோடு இணைந்துவிட்டன. ஆனாலும் ஒரு நூற்றாண்டுக் காலம் அவை வயல் சூழ்ந்த ஊர்களாகவே இருந்தன. பூந்தமல்லியில் கம்பெனிக் காலத்திலிருந்து படை முகாம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஆவடியில் பெரிய இராணுவக் கிடங்குகள் அமைந்தன. சோசலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றிய காங்கிரஸ் மாநாடு 1955 ஜனவரியில் அங்கே கூடியது. பிறகு தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. டி.ஐ. சைக்கிள்ஸ் 1950களின் தொடக்கத்திலேயே அம்பத்தூரில் இயங்கியது. டன்லப் டயர் ஆலையும் அந்தப் பத்தாண்டிலேயே வந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் அமைந்து, 1965இல் அங்கிருந்து விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். வந்தது. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவாகி, நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளுக்கு இடம் கொடுத்தது.

ஆலைக்குள் நிரந்தர வேலை கிடைத்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் குடியிருப்பு கிடைத்தது. மற்றவர்கள் தாங்களே இடம் தேடிக்கொண்டார்கள். ஒப்பந்தக் கூலிகள், கட்டட வேலைக்கு வந்தவர்கள், தேநீர்க் கடை போட்டவர்கள், பட்டறையில் எடுபிடி வேலை செய்தவர்கள் என எத்தனையோ பேர். வயலை விட்டுவிட்ட நிலக்காரர்களுக்கு விளைச்சலைவிட மனை வாடகை நிச்சயமான வரவாக இருந்தது. வீடு கட்டி வாடகைக்கு விட முதல் வேண்டும். காலி இடத்தை விட ஒன்றும் வேண்டாம், குடி வருகிறவரே கட்டிக்கொள்வார். முதலில் ஓலைக் குடிசை, கொஞ்சம் காசு சேர்ந்ததும் ஓடு, பிறகு அஸ்பெஸ்டாஸ் தகடு, அதன் பிறகு தளம் என்று வீடு வளர்ந்தது. வாடகைக்கு ரசீது கொடுத்தவர்களும் உண்டு, வெறும் நோட்டுப் புத்தகத்தில் வரவு எழுதியவர்களும் உண்டு. அந்த நோட்டுப் புத்தகம்தான் பின்னர் வழக்கு வந்தபோது பலருக்குக் கிடைத்த ஒரே சாட்சி. குத்தகை எந்த ஆண்டில் தொடங்கியது என்று நிரூபிக்கும் பொறுப்பு குடியிருப்பவர் தலையில் விழுந்ததால், ரசீது இல்லாதவர் சட்டம் இருந்தும் இல்லாதவரானார்.

1921ஆம் ஆண்டுச் சட்டம் எட்டாத இடங்களில் வேறு இரண்டு சட்டங்கள் தோள் கொடுத்தன. இந்த வட்டாரத்தின் விவசாயக் கூலிகளுக்கு அவையே அதிகம் பயன்பட்டிருக்க வேண்டியவை. 1961இல் வந்த குடியிருப்புப் பாதுகாப்புச் சட்டம், விவசாயத் தொழிலாளர்களை அவர்களுடைய குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுத்தது. 1971ஆம் ஆண்டின் 40ஆம் சட்டம் ஒரு படி மேலே போனது. 1971 ஜூன் 19 அன்று நிலக்காரரின் மனையில் குத்தகையாகவோ அனுமதியின் பேரிலோ குடியிருந்த விவசாயிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் அந்த மனையையே சொந்தமாக்கியது. டிரமென்ஹியர் எழுதிய அறிக்கைக்கும் இந்தச் சட்டத்துக்கும் இடையே 80 ஆண்டுகள். ஆனால் அதற்குள் அம்பத்தூரிலும் ஆவடியிலும் கூலிகளின் பிள்ளைகள் வயலை விட்டு ஆலைக்குப் போய்விட்டிருந்தார்கள். விவசாயத் தொழிலாளி என்று நிரூபிக்க முடியாதவருக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டம் இல்லை. 1921ஆம் ஆண்டுச் சட்டமோ அறிவிப்பில்லாத கிராமத்துக்கு இல்லை. இரண்டுக்கும் நடுவே விழுந்த குடும்பங்களைத்தான் புறநகர் வரலாற்றில் மிகுந்த வருத்தத்தோடு நினைக்க வேண்டியிருக்கிறது.

அதே 1971இல் குடிசைப் பகுதிகள் மேம்பாடு மற்றும் மாற்றுச் சட்டமும் வந்தது. குடிசை மாற்று வாரியம் அதற்கு முந்தைய ஆண்டே அமைந்துவிட்டது. குடிசைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்தில், உரிய அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் குடியிருப்போரை வெளியேற்ற முடியாது என்று 29ஆம் பிரிவு சொன்னது. மனை யாருடையது, குத்தகை எப்போது தொடங்கியது என்றெல்லாம் பார்க்காமல், மனிதர் அங்கே வாழ்கிறார் என்பதை மட்டும் பார்த்த பிரிவு அது. அதற்கும் அறிவிப்பு வேண்டும் என்பதுதான் குறை.

கல்கத்தாவில் இதே ஏற்பாட்டுக்குத் திக்கா என்று பெயர். நிலத்தை வாடகைக்கு எடுத்து அதன் மேல் கொட்டகை கட்டியவர்களுக்கு அங்கே 1949இல் தனிச் சட்டம் வந்தது. 1981இல் மேற்கு வங்க அரசு அந்த நிலங்களையே கையகப்படுத்தி, திக்கா குத்தகைதாரர்களை நேரடியாக அரசின் குத்தகைதாரர்கள் ஆக்கியது. சென்னை அந்த வழியில் போகவில்லை. இங்கே நிலம் தனியாரிடமும் அறநிலையங்களிடமுமே இருந்தது. ஒவ்வொரு வழக்கும் தனித்தனியாக உரிமையியல் நீதிமன்றத்தில் நடந்தது.

அறநிலையங்களின் நிலம் தனிக் கதை. பாடித் திருவலிதாயம், திருமுல்லைவாயில், திருவேற்காடு, பூந்தமல்லி வரதராசப் பெருமாள் கோயில் என்று பழமையான தலங்கள் நிறைந்த வட்டாரம் இது. தமிழகம் எங்கும் கோயில் நிலங்களில் அடிமனைக் குத்தகை பரவலாக உண்டு. தலைமுறை தலைமுறையாக மனை வாடகை கட்டி, மாடி எழுப்பி, பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வாழ்ந்த குடும்பங்கள் அந்த மனைகளில் உள்ளன. 9ஆம் பிரிவின் கீழ் கோயில் நிலத்தையும் குறைந்த விலைக்குக் கேட்க முடிந்தது. இதனால் கோயில்களின் சொத்துக் கரைகிறது என்ற குறை வலுத்தது. அந்தக் குறையில் உண்மையும் உண்டு. சில இடங்களில் ஏழைக் குடிகளின் பெயரில் இருந்த சலுகையை வசதி படைத்தவர்களும் கடைக்காரர்களும் மன்றங்களும் பயன்படுத்திக்கொண்டார்கள். 1996ஆம் ஆண்டின் 2ஆம் சட்டம் எல்லாச் சமயங்களின் வழிபாட்டு நிறுவனங்களுக்கும் சமய அறக்கட்டளைகளுக்கும் சொந்தமான நிலங்களை 1921ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து விலக்கியது. கோயில் நிலத்தில் குத்தகைதாரராக இருந்த மயிலாப்பூர் கிளப் தொடுத்த வழக்கில், அந்த விலக்குச் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது.

கிளப்புக்கும் கூலித் தொழிலாளியின் ஓட்டு வீட்டுக்கும் ஒரே வெட்டு விழுந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்கும் வரி ஒன்றைத் திருத்தத்தில் சேர்த்திருக்கலாம். 1960ஆம் ஆண்டுத் திருத்தம் குடியிருப்பையும் வணிகத்தையும் பிரித்தது ஒரு முன்மாதிரியாகவே இருந்தது. அது நடக்காததால், கோயில் மனைக் குடிகள் இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டத்தின் கையில் விடப்பட்டார்கள். 1959ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி, ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் அனுமதி வேண்டும். குத்தகைக் காலம் முடிந்தும் இடத்தில் இருப்பவர் ஆக்கிரமிப்பாளராகவே கருதப்படுவார். 78ஆம் பிரிவின்கீழ் இணை ஆணையரே வெளியேற்ற நடவடிக்கை எடுக்கலாம். 34-அ பிரிவின்படி, இணை ஆணையர், செயல் அலுவலர் அல்லது அறங்காவலர், மாவட்டப் பதிவாளர் அடங்கிய குழு சந்தை நிலவரத்தைக் கொண்டு வாடகை நிர்ணயிக்கும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அது மறுநிர்ணயம் ஆகும். மனையின் மதிப்பு ஏற ஏற வாடகையும் ஏறும். தொழிற்பேட்டையும் புறவழிச் சாலையும் வந்த பிறகு மேற்குப் புறநகரில் மனை மதிப்பு எப்படி ஏறியது என்பதை அறிந்தவர்களுக்கு, அந்தக் கணக்கு ஒரு தினக்கூலிக் குடும்பத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. வாடகை உயர்வை எதிர்த்து ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

வீட்டு வாடகைச் சட்டங்கள் இவர்களுக்கு உதவியதில்லை. 1960ஆம் ஆண்டின் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பெயரிலேயே சொன்னபடி கட்டடங்களுக்கானது. அதை நீக்கிவிட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடப்புக்கு வந்த 2017ஆம் ஆண்டின் நிலவுடைமையாளர் மற்றும் வாடகைதாரர் சட்டமும் வாடகைக்கு விடப்பட்ட கட்டடங்களையே மையமாகக் கொண்டது. எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், முன்பணத்துக்கு உச்சவரம்பு, வாடகை ஆணையம் என்ற அதன் ஏற்பாடுகளெல்லாம் கட்டடத்தையே வாடகைக்கு எடுத்தவரை மனத்தில் வைத்து வந்தவை.

இதற்கிடையே நிர்வாக எல்லைகளும் நகர்ந்தன. 1997இல் செங்கல்பட்டிலிருந்து திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தது. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது. ஊர் நகரத்துக்குள் வந்தபோது சொத்து வரி ஏறியது, மனை விலை ஏறியது. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலக்கோடு மட்டும் 1980ஐத் தாண்டி வரவில்லை. அந்த ஆண்டுக்கு முன் மனை எடுத்த தாத்தாவின் வாரிசுகளுக்கு ஒரு நீதி, அதற்குப் பின் அடுத்த மனையில் வீடு கட்டியவருக்கு வேறு நீதி என்ற நிலை ஒரே தெருவுக்குள் உண்டானது. முன்னவரும் தாமே அந்த மனையில் நேரடியாகக் குடியிருக்க வேண்டும். கட்டடத்தை வேறு ஆளுக்கு விட்டுவிட்டு வெளியே போனவரால் மனையை வாங்கும் உரிமையைக் கோர முடியாது என்று 1987இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பின்னவருக்கு எஞ்சுவது பொதுச் சட்டம். சொத்து மாற்றுச் சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி முறையான அறிவிப்பு வர வேண்டும். அறிவிப்பு வந்த மறுநாளே மனைக்காரர் ஆளை வைத்துச் சுவரை இடிக்க முடியாது, உரிமையியல் நீதிமன்றத்தில் தீர்ப்புப் பெற்றுத்தான் வெளியேற்ற முடியும். சட்ட வழியன்றி வலுவில் எழுப்பப்பட்டவர், 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டம் 6ஆம் பிரிவின்கீழ் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு, நிலம் யாருடையது என்ற கேள்விக்கே போகாமல் அனுபவத்தைத் திரும்பப் பெறலாம். வழக்கில் தோற்று வெளியேறினாலும் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவின்படி கட்டடத்தின் பொருள்கள் அவருடையவை. ஓட்டையும் சட்டத்தையும் கதவையும் சன்னலையும் இடத்தை ஒப்படைக்கும் முன் பெயர்த்து எடுத்துக்கொள்ளலாம்.